கேள்வியையும் சேர்த்துப் பதியுங்கள்

(எம்.கே.பி. நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவை ஏதாவது ஒரு கல்லூரி அரங்கில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இங்கேதான் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். காரணம், நான் பேச வந்த பொருள் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறது. மகாகவி பாரதி நகர் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கூட ஒரு கணம் யோசிக்கிறார், எம்.கே.பி. நகர் என்றால் உடனே வண்டியைத் திருப்புகிறார். மூன்று எழுத்துக்குள் ஒரு கவிஞர் ஒளிந்திருப்பதைப்போல, இங்கே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு நீண்ட கதை சுருங்கிக் கிடக்கிறது. பர்மாவிலிருந்து வந்தவர்கள், பின்னி மில்லில் வேலை பார்த்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், எண்ணூர் நெடுஞ்சாலை ஆலைகளில் சிப்ட் பார்த்து ஓய்ந்தவர்கள். அவர்களுடைய கதைகளைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எப்படிக் கேட்டு வைக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு. அதை நான் கற்றது என் தவற்றிலிருந்து.

1991 கோடை விடுமுறை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். நண்பன் வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து, என் ஆயாவை உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். என் அம்மாவைப் பெற்றவர். அவர்களுடைய பூர்விகமான ராமநாதபுரத்துப் பக்கம் அம்மாச்சி என்பார்கள். வியாசர்பாடியில் பிறந்த பேரப்பிள்ளைகள் வாயில் அது ஆயா ஆகிவிட்டது. ரங்கூனில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, பிள்ளை பெற்று, 1964-இல் கப்பல் ஏறியவர். ஒரு மணி நேர கேசட்டுகள் இரண்டு நிறைந்தன.

பிறகு அவற்றைப் போட்டுப் போட்டுக் கேட்டு எழுதினேன். எழுதும்போது என் கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டேன். பிறப்பு, திருமணம், கடை, சமையல், கப்பல் என்று தலைப்புகள் போட்டு, ஆயா சொன்னதைப் பிரித்து அவற்றுக்குக் கீழே அடுக்கினேன். 14 பக்கம் வந்தது. படித்தவர்கள் பாராட்டினார்கள். எழுத்து வந்துவிட்டதே என்று கேசட்டுகளை நான் கவனிக்கவில்லை. ஒன்றின் மேல் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள். இன்னொன்றின் நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டது. 1994-இல் ஆயா காலமானார்.

அந்த 14 பக்கத்தில் 9-ஆம் பக்கம், சமையல் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி இருக்கிறது: ‘மாவுக்கு அரிசி ஊறப்போட்டிருந்தேன்.’ அவ்வளவுதான். முன்னே உள்ளதோடும் ஒட்டவில்லை, பின்னே உள்ளதோடும் ஒட்டவில்லை. அதைச் சொல்வதற்கு முன் ஆயா வெகுநேரம் பேசாமல் இருந்தார் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. நாடா வீணாகிறதே என்று நிறுத்தக் கை போனதும் நினைவிருக்கிறது. ஆனால் நான் என்ன கேட்டேன்? அதை நானே அழித்துவிட்டேன்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். வாழ்க்கைக் கதை என்பது சொல்பவர் மனத்தில் முன்பே முடித்து வைக்கப்பட்டு, நாம் போய் வாங்கி வரும் பொருள் அன்று. கேட்பவரும் சொல்பவரும் சேர்ந்து அந்த நேரத்தில் உண்டாக்குவது. கேள்வியை நீக்கினால் கதையில் பாதி போய்விடுகிறது. இதை ஐந்து செய்திகளாக விரிக்கிறேன். ஐந்தும் ஒரே அளவாக இருக்காது.

1.

முதற்சான்று நம் மொழியிலேயே இருக்கிறது. என் ஆயா என்னிடம் பேசும்போது தாத்தாவை ‘உங்க தாத்தா’ என்பார். என் அம்மாவிடம் பேசும்போது அதே மனிதர் ‘உங்கப்பா’. பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘எங்க வீட்டுல’. தனக்குத்தானே முணுமுணுக்கும்போது ‘அவுக’. ரேஷன் கடையில் பெயர் கேட்டால், வாயால் சொல்லாமல் அட்டையை நீட்டுவார். எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமல் அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பெண்மணி தன் கணவரைக் குறிப்பிடவே முடியாது. கேட்பவருடைய உறவு பேச்சின் ஒவ்வொரு சொல்லிலும் இறங்கியிருக்கிறது.

நான் எழுதியபோது என்ன செய்தேன்? ‘உங்க தாத்தா’ என்று வந்த இடத்தில் எல்லாம் ‘என் கணவர்’ என்று திருத்தினேன். தன் ஆயுளில் ஒரு நாளும் சொல்லாத சொல்லை என் ஆயா வாயில் வைத்தேன். எங்கள் வீட்டு ஆயா போய், எந்த வீட்டிலும் இல்லாத ஒரு பெண் அந்தப் பக்கங்களில் பேசிக்கொண்டிருக்கிறார்.

அச்சில் வந்த பெரிய முயற்சிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. புதுச்சேரிக்கு அருகே காரணி என்ற ஊரில் வாழ்ந்த தலித் விவசாயக் கூலித் தொழிலாளி வீரம்மா. அவருடன் ஆய்வாளர் ஜோசியான் ரசீன் ஏறத்தாழ பத்தாண்டு தமிழில் பேசிப் பதிவு செய்தார். அது 1995-இல் பிரெஞ்சு மொழியிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. உழைப்பு, பேய் பிசாசு, பிள்ளைப்பேறு, சிரிப்பு, அடங்கிப்போதல் என்று ஒரு முழு உலகம் அதில் இருக்கிறது. ஆங்கிலப் பதிப்பில் வீரம்மா, ஜோசியான் ரசீன், ழான்-லுக் ரசீன் ஆகிய மூவருமே ஆசிரியர்கள். நேர்மையான செயல் அது. ஆனால் நூலுக்குள் நாம் கேட்பது வீரம்மாவின் குரல் மட்டும்தான். பத்தாண்டு எதிரே உட்கார்ந்து கேட்டவர் எந்த இடத்தில் என்ன கேட்டார் என்று தேடும் வாசகன் நான். அந்த நூலைப் போற்றிக்கொண்டேதான் இந்தக் குறையையும் சொல்கிறேன்.

2.

‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள். இது மாணவர்களுக்கு.

வருடத்தைக் கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டதுபோல முகம் மாறிவிடும். அவர்களிடம் வேறு நாட்காட்டி உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. அதன் பிறகு ஒரு தலைமுறையே ‘எம்டன் குண்டு போட்ட வருஷம்’ என்று வயதைக் கணக்கிட்டது. ‘சரியான எம்டன்’ என்ற வசவும் பாராட்டும் இன்றுவரை நம் வாயில் இருக்கின்றன. அதுபோல, ‘யார் கைக்குழந்தையாக இருந்தபோது?’, ‘யார் கல்யாணத்துக்கு முன்னே?’, ‘வெள்ளம் வந்ததற்கு அப்புறமா?’ என்று கேட்டுப் பாருங்கள். தடுமாற்றம் நின்றுவிடும்.

பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் இது மிக முக்கியம். ஏனென்றால் அவர்களுடைய நினைவில் இரண்டு புறப்பாடுகள் கலந்திருக்கின்றன. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே இந்தியா வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வெ. சாமிநாத சர்மா அந்த நடைப்பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். போர் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1962 மார்ச்சில் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இரண்டாம் புறப்பாடு கப்பலில். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வியாசர்பாடியில் குடியேறினார்கள், துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜாரைப் போட்டார்கள், அத்தோவையும் மொய்ங்காவையும் வடசென்னைக்கு மாலைச் சிற்றுண்டி ஆக்கினார்கள்.

என் ஆயா கப்பலைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் காட்டுப் பாதை வந்துவிடும். காலில் புண், தோளில் பிள்ளை. 1964-இல் யாரும் நடக்கவில்லையே என்று அன்று நான் அதைத் தவறு எனக் குறித்து நீக்கினேன். அவருடைய தாய் 1942-இல் நடந்த நடை அது. தாய் சொல்லிக் கேட்ட வழியைத் தன் வழியோடு சேர்த்து ஒரே பயணமாக மனத்தில் வைத்திருந்தார்.

இத்தாலியில் டெர்னி என்ற இரும்பாலை நகரம். அங்கே 1949 மார்ச்சில் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்த ஊர்வலத்தில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி காவலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பல ஆண்டு கழித்து வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்திரோ போர்தெல்லி அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் கேட்டபோது, பலர் அந்தச் சாவை 1953-க்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு அனுப்பியபோது நடந்த போராட்டத்தில் அவர் இறந்ததாகச் சொன்னார்கள். போர்தெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை. பதிலடி கொடுக்கப்படாத சாவு அந்த ஊரை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு அந்தத் தவறான தேதியே சான்று என்றார். இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நீக்கிய காட்டுப் பாதை அப்படிப்பட்டதுதானே?

3.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதற்கு, இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சான்று இருக்கிறது.

பக்கிங்காம் கர்நாடிக் மில். நம் வாயில் பின்னி மில். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அதற்கு அடிகோலியவர்கள். திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அந்த நாட்களை எழுதியிருக்கிறார். சங்கத்தின் வரலாறு நூல்களில் பெருமையோடு இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் பிளவுபட்டார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

அந்த நாட்களைப் பார்த்தவர் யாரும் இன்று இல்லை. ஆனால் பாட்டி சொல்லக் கேட்ட பேரன்மார் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் அது ‘துரோகம் செய்த கதை’. நான்கு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் அது ‘வீட்டைக் கொளுத்திய கதை’. வெளியிலிருந்து ஒரு ஆய்வாளர் போய்க் கேட்டால் இரண்டு வீட்டிலும் ‘அதெல்லாம் பழைய கதை, இப்ப எல்லாரும் ஒண்ணுதான்’ என்று தேநீர் கொடுத்து அனுப்புவார்கள். மூன்றாவது பதிலும் பொய் இல்லை. அந்நியருக்குக் கொடுக்கும் பதில் அது. கேட்டவர் எந்தத் தெரு, என்ன உறவு என்று பதிவில் இல்லாவிட்டால், நாளை இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவார்கள்.

பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. வாயிற்கதவு இல்லை, சங்கு இல்லை. அந்தச் சங்கு ஊதுவதை வைத்து அடுப்புப் பற்றவைத்த பெண்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். மில்லில் வேலை பார்த்த ஆண்களிடம் எல்லோரும் கேட்கிறார்கள். சங்குச் சத்தத்துக்குச் சோறு வடித்தவர்களிடம் யாராவது கேட்டோமா? உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்று இரவே கேளுங்கள்: சங்கு நின்றுபோன மறுநாள் காலையில் எப்போது எழுந்தீர்கள்?

4.

அன்பு உள்ளவர்கள் கேட்பதில் ஒரு தடையும் உண்டு. தாயிடம் மகள் கேட்க முடியாத கேள்விகள் இருக்கின்றன. அதை மறைக்காமல் வைப்பதும் பதிவுதான்.

தொழிற்சங்கத் தலைவர் மைதிலி சிவராமனை நீங்கள் அறிவீர்கள். கீழவெண்மணிக்கு நேரில் போய் எழுதியவர், சென்னை ஆலைத் தொழிலாளரிடையே வேலை செய்தவர். அவருடைய பாட்டி சுப்புலட்சுமி 1897-இல் பிறந்தவர். 11 வயதில் திருமணம், 14 வயதில் தாய். வெளியே அதிகம் பேசாத பெண்மணி. ஆனால் படித்தார், குறிப்பேடு எழுதினார், மகளைப் படிக்கவைக்கச் சென்னைக்கு வந்தார். பாட்டி இறந்து பல்லாண்டு கழித்து, அவர் விட்டுப்போன காகிதங்களைக் கொண்டு மைதிலி ஒரு நூல் எழுதினார், 2006-இல் வந்தது. ஒரு வாழ்வின் துண்டுகள் என்ற பொருள்படும் தலைப்பு. துண்டுகளை ஒட்டி முழுப் பானை என்று காட்டாமல் துண்டுகளாகவே நம் முன் வைத்ததைத்தான் அந்த நூலின் பெரிய பண்பாக நான் கருதுகிறேன்.

பிறகு மைதிலியைப் பற்றி உமா சக்கரவர்த்தி ஆவணப்படம் எடுத்தார். அப்போது மைதிலியின் நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. பாட்டியின் நினைவைத் தேடி எடுத்தவரின் நினைவை மற்றவர்கள் தேடவேண்டி வந்தது. 2021 மே மாதம் கொரோனாவில் அவர் மறைந்தார். அவர் மகள் கல்பனா கருணாகரன் தம் பாட்டியும் சுப்புலட்சுமியின் மகளுமான பங்கஜத்தைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைப் பெண்கள். ஒவ்வொருவரும் முந்தியவரிடம் கேட்டதும் கேட்காமல் விட்டதும் சேர்ந்து ஒரு நூலகமே ஆகியிருக்கிறது.

இன்னொன்று. ‘இதை எழுதாதே’ என்று சொன்னால் எழுதக்கூடாது. பதிவை நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

5.

இனி, காப்பது எப்படி? சுருக்கமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் டேவ் ஐசே என்பவர் 2003-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஸ்டோரிகார்ப்ஸ் என்ற சிறு பதிவு அறையை வைத்தார். ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த இருவர் உள்ளே போய் 40 நிமிடம் பேச வேண்டும். ஒரு பிரதி அவர்களுக்கு. அனுமதித்தால் ஒரு பிரதி அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்கு. நிபுணர் யாரும் பேட்டி எடுப்பதில்லை. மகள் கேட்கிறாள், தந்தை சொல்கிறார், இரு குரலும் சேமிக்கப்படுகின்றன. எனக்குப் பிடித்தது அந்த இரு குரல்தான். நம் மொழியில், 2005-இல் தொடங்கிய ஈழத் தமிழரின் நூலகம் நிறுவனம், 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கண்ட சமூகத்தின் கவலையோடு, நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறது.

நமக்கு அறை வேண்டாம். கையில் போன் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்துங்கள், டி.வி.யை அணையுங்கள். தொடக்கத்தில் நீங்கள் யார், என்ன உறவு, என்ன தேதி, எந்த வீடு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மௌனம் வந்தால் நிறுத்தாதீர்கள். குக்கர் விசில் வந்தாலும் இருக்கட்டும். ஒலிக்கோப்பின் பெயரில் ஆளையும் தேதியையும் எழுதுங்கள். மூன்று இடத்தில் பிரதி வையுங்கள்; அவற்றில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எங்கே வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்கள் பரணில் வைத்தும் இழந்திருக்கிறார்கள். எழுத்தில் பெயர்த்தாலும் ஒலியைத் தூக்கி எறியாதீர்கள். எழுத்தில் கேள்வியை நீக்காதீர்கள்.

இந்த உரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது என் அம்மாவிடம் பதிவு செய்தேன். அம்மாவுக்கு அப்போது 72 வயது. ரங்கூனை விட்டபோது 12. போனை மேசைமேல் வைத்து, என் பெயரையும் உறவையும் தேதியையும் சொல்லி ஆரம்பித்தேன். அம்மா சிரித்தார். ‘இதே மாதிரிதானே உங்க ஆயாகிட்டயும் உட்கார்ந்திருந்த? நான் அடுப்பங்கரையிலேருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்’ என்றார்.

நான் என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா என்றேன்.

‘ஏன் இல்ல? ஆயா, கிளம்பறப்ப வீட்டைப் பூட்டினியான்னு கேட்ட. அதுக்கு அவங்க வாயே திறக்கல. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு, புள்ள இதையெல்லாம் கேக்குதேன்னு.’

பதிவில் இந்த இடத்தில் 20 விநாடிக்குச் சத்தம் இல்லை. பிறகு என் குரல்: ‘பூட்டலையா?’

‘பூட்டல. எதுக்குப் பூட்டறது, யாருகிட்ட சாவியைக் குடுக்கறது? தாத்தா வெளியில நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. இவங்க உள்ள போயி, சாயங்காலம் வந்து ஆட்டப்போறவங்க மாதிரி, மாவுக்கு அரிசியைக் களைஞ்சு ஊறப்போட்டுட்டு வந்தாங்க.’